பிறகு கதைக்கிறன்

ஒன்ராறியோ மாகாணத்தைக் குறைசொல்வதற்கென்றே அட்லாண்டிக்கைத் தாண்டிய முதல் மனிதன் நானாகத்தான் இருக்கவேண்டும். கனடாவில் இருந்தபடியே பத்து வருடமாக அதை நான் நல்லபடியாகச் செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் ஹம்பேர்க்கில் இருக்கும் என் தங்கை ராணி விடவில்லை. "அண்ணை, போனில சொன்னது காணாது. நேரில வந்து சொல்லுங்கோ" என்றாள்.

விஷயம் இதுதான். ராணியின் மகள் அனித்தாவுக்கு இருபத்தெட்டு வயது. ஹம்பேர்க் மருத்துவமனை ஒன்றில் ஆறு வருடமாகத் தாதியாக இருக்கிறாள். ஒன்ராறியோவின் வடமேற்கு மூலையில் தண்டர் பே என்றொரு நகரம். அங்கே அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கனடாவில் தாதியர் பதிவு நாடு முழுவதற்கும் ஒன்றல்ல, மாகாணத்துக்கு மாகாணம் வேறு. எங்கள் மாகாணத்தின் பதிவை அவள் ஒன்றரை வருடம் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு வாங்கிவிட்டாள். ஹம்பேர்க் வேலையை விடுகிறேன் என்று எழுதிக் கொடுப்பதுதான் மிச்சம். அதற்குத் திங்கட்கிழமை கடைசி நாள். கடிதம் தயார், கையெழுத்து மட்டும் இல்லை. அது குசினியில் பிரிஜ் கதவில், கலங்கரை விளக்கம் போன்ற ஒரு காந்தத்தின் கீழ்த் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் போகக்கூடாது என்பது ராணியின் விருப்பம். தாய் சொன்னால் பிள்ளை கேட்காது. ஆகவே நிபுணரை வரவழைத்தாள்.

என் நிபுணத்துவம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மற்றவர்கள் அதில் காலையில் பூப்படம் அனுப்புவார்கள். நான் குரல்பதிவு அனுப்புவேன். குடும்ப வைத்தியர் ஓய்வு பெற்றபின் இன்னொருவர் கிடைக்காமல் அலைந்தது, கார் இன்சூரன்ஸ், வாடகை, பள்ளிக்கூட முற்றத்தில் தகரப் பெட்டி மாதிரி நிற்கும் தற்காலிக வகுப்பறைகள், பெட்டிக்கடைக்குப் பியர் கொண்டுவரக் காட்டிய வேகத்தை ஆஸ்பத்திரியில் காட்டாத எங்கள் மாகாண முதல்வர் என்று எதையும் நான் விட்டதில்லை. ஒவ்வொரு பதிவும் எட்டு நிமிடம், பத்து நிமிடம். யாரும் கேட்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் அவ்வளவும் பேசினேன்.

வியாழன் மத்தியானம் வந்து இறங்கினேன். ராணியின் கணவர் செபமாலை விமான நிலையத்துக்கு வந்திருந்தார். மன்னார்க்காரர். முப்பது வருடமாக ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் வேலை. அங்கே இயந்திரங்களின் இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டவர், வெளியிலும் அதையே கடைப்பிடிக்கிறார். "வாரும் மச்சான்" என்றார். அன்று அவர் தானாக என்னுடன் பேசியது அவ்வளவுதான்.

ரயில் நிலைய மேடையில் நின்றபோது பலகையில் ரயில் இரண்டு நிமிடம் தாமதம் என்று காட்டியது. பக்கத்தில் நின்ற பெண்மணி உச்சுக்கொட்டி, தன் தோழியிடம் நீளமாக ஏதோ சொன்னார். என்னவென்று செபமாலையைக் கேட்டேன். "நாடு கெட்டுப் போச்சாம்" என்றார். இரண்டு நிமிடத்துக்கு! எங்கள் நகரில் ஒரு ரயில் பாதை போட எடுத்த காலத்தில் என் மகன் பள்ளிக்கூடம் முடித்து, பல்கலைக்கழகம் முடித்து, வேலை எடுத்து, அந்த வேலையையும் விட்டுவிட்டான். எனக்கு அந்தப் பெண்மணியை உட்கார வைத்து ஆறுதல் சொல்லவேண்டும் போலிருந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சொதி, வட கடல் மீனில் வைத்த தூள் போட்ட குழம்பு. மீனுக்குத் தான் எந்தக் கடல் என்பது மறந்துபோயிருந்தது. அவ்வளவு நல்ல குழம்பு. நான் மூன்றாம் தடவை சொதி விடும்போது ராணி கண்ணைக் காட்டினாள். தொடங்கு என்று அர்த்தம். நான் தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் அனித்தா எழுந்து போய் ஒரு ஓர்ட்னரைக் கொண்டுவந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஓர்ட்னர் என்றால் கடிதங்களை அடுக்கி வைக்கும் தடித்த அட்டைக் கோப்பு. ஜெர்மனியில் ஒரு பிள்ளை பிறந்தால் முதலில் பெயர் வைப்பார்கள், அடுத்தது ஓர்ட்னர் வாங்குவார்கள். அதன் முதுகில் தமிழில் எழுதியிருந்தது: மாமா.

"இது என்ன பிள்ளை?"

"உங்கட வொய்ஸ் மெசேஜ் எல்லாம் மாமா. பத்து வருசத்தில நாற்பத்தொண்டு. கேட்டுக் கேட்டு எழுதினனான்."

ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் வரமுடியாது: அவன் சொன்னதை ஒருவர் கவனமாகக் கேட்டிருப்பது. தாளைப் புரட்டினேன். கட்டம் கட்டமாக அட்டவணை. முதல் கட்டத்தில் என் முறைப்பாடு. இரண்டாவதில் ஒரு ஜெர்மன் சொல்.

"சூஸ்டெண்டிக்" என்று வாசித்துக் காட்டினாள். "அதுக்கு ஆர் பொறுப்பு எண்டு அர்த்தம். நீங்கள் எல்லாத்துக்கும் உங்கட முதலமைச்சரைத்தான் பேசியிருக்கிறீங்கள். பதினொண்டு அவரிட பொறுப்பில்லை மாமா. பாஸ்போட் மத்திய அரசு. குப்பை நகரசபை. உங்கட வீட்டுக்குப் பின்னால அணில் கூடு கட்டினதுக்கு ஒருத்தரும் பொறுப்பில்லை."

செபமாலை வாயில் இருந்த இடியப்பத்தை மிகவும் சிரமப்பட்டு விழுங்கினார்.

மூன்றாவது கட்டத்தின் தலைப்பு 'பிறகு?' என்றிருந்தது. முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை அந்தக் கட்டம் வெறுமை.

"நீங்கள் எல்லா மெசேஜையும் எங்கயாவது காத்துக்கொண்டு இருக்கேக்கதான் போடுறனீங்கள். டாக்டர் வீட்டில, பஸ் தரிப்பில, லைசன்ஸ் ஒஃபீசில. முடிவில எப்பவும் ஒரே மாதிரித்தான்: 'சரி, பேர் கூப்பிடுறாங்கள், பிறகு கதைக்கிறன்.' ஆனா நீங்கள் பிறகு கதைக்கிறேல்லை. ஒருக்காலும். அதுதான் மாமா, திங்கட்கிழமைக்கு முன்னம் எனக்கு இந்தக் கட்டத்தை நிரப்பித் தாங்கோ. அதுக்குப் பிறகுதான் கையெழுத்து வைக்கிறதா இல்லையா எண்டு யோசிப்பன்."

ராணிக்கு மகிழ்ச்சி. நாற்பத்தொரு தடவை கனடா தோற்கப்போகிறது என்று அவள் நினைத்தாள். எனக்கு இன்னொரு அகப்பை சொதி விட்டாள்.

"தண்டர் பே அண்ணைக்குக் கிட்டத்தானே?" என்று கேட்டாள்.

நான் "மேலே" என்றேன். ஒன்ராறியோவில் முப்பத்தொரு வருடம் இருந்த எனக்கு அதன் பூகோளம் இவ்வளவுதான்: ஸ்காபரோ, அதற்கு மேலே மார்க்கம், அதற்கு மேலே கரடி. அனித்தா போனில் வரைபடத்தைக் காட்டினாள். என் வீட்டிலிருந்து காரில் பதினைந்து, பதினாறு மணித்தியாலம். ஹம்பேர்க்கிலிருந்து அவ்வளவு நேரம் ஓடினால் இத்தாலி வந்துவிடும். மொத்தம் மூன்று நாடு. அங்கே போய்ச் சேர்ந்தாலும் அதே மாகாணம், அதே முதல்வர். மூன்று நாட்டையும் ஒருவர் சமாளிப்பதென்றால் என்ன பாடு என்று அவர்மேல் ஒரு கணம் எனக்கு அனுதாபம் வந்தது. உடனே அடக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை செபமாலை என்னை நகரத்துக்குக் கூட்டிப் போனார். பெரிய ரயில் நிலையத்தின் பின்புறத் தெருவில் தமிழ்க் கடை. முருங்கைக்காய், மரவள்ளி, ஒடியல் மா. நான் கனடாவில் இருந்து வந்தவன் என்று தெரிந்ததும் முதலாளி கல்லாவை விட்டு வெளியே வந்தார்.

"அண்ணை, கனடாவில இருந்து சனம் எல்லாம் இப்ப திரும்பி ஓடுதாமே?"

"ஆர் சொன்னது?"

"யூடியூப்பில சொல்லுறாங்கள். டாக்குத்தர்மார் இல்லையாமே?"

"இருக்கினம். காணாது, அவ்வளவுதான்."

"வீடும் வாங்க ஏலாதாம்."

"இஞ்ச மட்டும் என்ன, அரண்மனையிலயோ இருக்கிறியள்?" என் குரல் உயர்ந்துவிட்டது. "அங்க என்ர வீட்டுக்குப் பக்கத்தில நூலகம் இருக்கு, தமிழ்ப் புத்தகம் ரண்டு அலுமாரி நிறைய. பிள்ளையள் தமிழ் படிச்சா பள்ளிக்கூடத்தில புள்ளி குடுக்கிறாங்கள். தெரியுமோ? யூடியூப் பார்த்துப்போட்டுக் கதைக்கக் கூடாது!"

கடையில் இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், இதையெல்லாம் பேசுவது யார் என்று. என் மாகாணத்தை நான் திட்டலாம். இன்னொருவன் திட்டினால் அது வேறு விஷயம் போலிருக்கிறது.

வெளியே வந்ததும் செபமாலை முருங்கைக்காய்க் கட்டைக் கை மாற்றிப் பிடித்தார். "நீர் இப்ப கடையில சொன்னதை வீட்டில சொல்லாதையும். ராணி சாப்பாடு தரமாட்டா."

துறைமுகத்துப் பக்கம் நடந்தோம். இந்த ஊர்க்காரர் விரும்பிச் சாப்பிடும் ஒரு பணிஸ் வாங்கித் தந்தார். கறுவா போட்டு, வெண்ணெய் போட்டு, கடைசியில் யாரோ தெரியாமல் மேலே உட்கார்ந்துவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். பார்வைக்கு விபத்து, வாயில் வைத்தால் அமிர்தம். கப்பல்களைப் பார்த்தபடி தின்றோம். அங்கே வைத்துத்தான் செபமாலை பேசினார். முப்பது வருடச் சேமிப்பு.

"உண்மையைச் சொன்னா மச்சான், ராணிக்குத் தண்டர் பேயில பயமில்லை. தபால் பெட்டியிலதான் பயம்."

"என்ன தபால் பெட்டி?"

"இஞ்ச கடிதம் வந்துகொண்டே இருக்கும். வரி, வீடு, காப்புறுதி, பென்ஷன். அன்ட்ராக் எண்டு ஒண்டு, விண்ணப்பம். அதை நிரப்பினா, நிரப்பினது பிழை எண்டு இன்னொரு கடிதம். எனக்கும் அவவுக்கும் கதைக்கிற டொய்ச் பாஷை இருக்கு, கடிதத்து டொய்ச் இல்லை. அனித்தா ஒன்பது வயசில இருந்து வாசிக்கிறாள். பள்ளிக்கூட பாக்கை இறக்கி வைச்ச கையோட கடிதத்தைத்தான் எடுப்பாள். அவள் போனா, பெட்டிக்குள்ள வந்து கிடக்கிற கடிதத்தை எப்பிடித் திறக்கிறது எண்டுதான் ராணிக்குப் பயம். அதை வெளியில சொல்ல வெக்கம்."

"உமக்கு?"

"நான் யோசிச்சுப் பார்த்தன். படம் எடுத்து அனுப்பலாம். அவள் ஆறு மணித்தியாலம் பிந்தி வாசிப்பாள். ஒஃபீஸ்காரன் ஆறு கிழமை பிந்தித்தானே அனுப்புறான்." விரலில் ஒட்டிய சீனியைத் துடைத்தார். "ஆனா ராணிட்டச் சொல்லேல்லை. என்ர வாயால பிள்ளையை அனுப்பினமாதிரி இருக்கக் கூடாது."

ஆக, நிபுணருக்கு முன்பே எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. யாரும் வாயால் சொல்லத் தயாரில்லை. அதற்குத்தான் என்னை இறக்குமதி செய்திருந்தார்கள்.

சனிக்கிழமை நான் ஓர்ட்னரோடு குசினி மேசையில் குந்தினேன். முதலாவது முறைப்பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சுகாதார அட்டை புதுப்பிக்கும் அலுவலகத்தில் வரிசை கதவுக்கு வெளியே நிற்கிறது, பனி கொட்டுகிறது, மாகாணம் நாசமாகப் போகட்டும். பிறகு? எனக்கு நினைவில்லை. எனக்கு நடந்த அநியாயங்கள் எல்லாம் நினைவிருந்தன, அவை தீர்ந்த விதம் ஒன்றும் நினைவில் இல்லை. ஸ்காபரோவுக்கு என் மனைவி வசந்தியை அழைத்தேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள் அனித்தா.

"இஞ்சேருங்கோ, அண்டைக்குக் காவலாளி உங்களை உள்ளுக்குக் கூப்பிட்டு இருத்தினவர். அட்டை ரண்டு கிழமையில தபாலில வந்தது. இதுகூட ஞாபகம் இல்லையோ?"

அனித்தா எழுதினாள்.

"ஒன்பதாவது. குடும்ப வைத்தியர்."

"அது ரண்டு வருசம் எடுத்தது. உண்மையா எடுத்தது. எழுது பிள்ளை, மறைக்கக் கூடாது. பிறகு நான் பார்மசிக்காரியைப் பிடிச்சு, அவ சொன்ன புது கிளினிக்கில பேர் குடுத்தனான். இப்ப ஒரு ஆபிரிக்கப் பிள்ளைதான் எங்களுக்கு டாக்டர். நல்ல பிள்ளை. இவரைத்தான் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிப் பேசுவா. ஆனா கீழ் வீட்டுக் கமலாக்காவுக்கு இன்னும் ஆள் கிடைக்கேல்லை. அதையும் எழுது."

இப்படியே போனது. கார் இன்சூரன்ஸ்: பிறகும் அதேதான், ஏறிக்கொண்டே போகிறது. ரயில் பாதை: ஒருவழியாக ஓடுகிறது, வசந்தி போய்வந்துவிட்டாள், நான் இன்னும் கோபத்தில் ஏறவில்லை. மகனின் தகரப்பெட்டி வகுப்பறை: குளிர்தான், ஆனால் அங்கேதான் அவனுக்குக் கணிதம் வந்தது. நல்லது கெட்டது கலந்து, கட்டங்கள் நிரம்பின. ராணி கறிவேப்பிலை உருவுகிற சாட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கெட்டது வந்தால் "கேட்டியோ?" என்பாள். நல்லது வந்தால் கறிவேப்பிலை உருவுவாள்.

"முப்பத்திமூண்டு" என்றாள் அனித்தா. "தேர்தல் அண்டைக்கு வாக்களிக்கிற வரிசையில நிண்டு போட்டது. பன்னிரண்டு நிமிசம். 'இந்த முதல்வரை இண்டைக்கு வீட்டுக்கு அனுப்பாமல் விடமாட்டன்' எண்டு சொல்லுறீங்கள். பிறகு?"

போனின் மறுபக்கத்தில் வசந்தி சிரிக்கத் தொடங்கினாள்.

"பிறகு?" என்றாள் அனித்தா மறுபடியும்.

"கால் விறைச்சிட்டுது" என்றேன். "ஒரு கோப்பி குடிச்சிட்டு வருவம் எண்டு போனனான்."

"பிறகு?"

"கோப்பிக் கடையில ஒரு சிநேகிதனைக் கண்டன். அரசியல் கதைச்சம்."

"வாக்கு?"

"பூட்டிப்போட்டாங்கள்."

பத்து வருடமாக ஒரு மாகாணத்தையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டவன் ஒரு கோப்பிக்காக நழுவியிருந்தான். செபமாலை எழுந்து யன்னல் பக்கம் போனார். முதுகு குலுங்கியது. அனித்தா சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்து, மற்றவையெல்லாம் பேனையில் இருக்க, அந்தக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் 'அடுத்த முறை' என்று எழுதினாள். அழிக்க வசதியாக இருக்கும் என்றாள்.

மாலைக்குள் நாற்பது கட்டங்கள் நிரம்பின. நாற்பத்தொன்றாவதை ராணி நிறுத்தினாள். "அது நாளைக்கு" என்றாள். முகம் இறுகியிருந்தது.

ஞாயிறு காலை, வீட்டில் என்னாலான உதவியாக வெற்றுப் போத்தல்களை எடுத்துக்கொண்டு தெருமுனைத் தொட்டிக்குப் போனேன். முதல் போத்தல் உள்ளே விழுந்து உடைந்த சத்தத்தில் தெருவே விழித்தது. ஒரு முதியவர் நாயோடு வந்தார். நான் முழிப்பதைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினார்.

"இன்று ஞாயிற்றுக்கிழமை."

"தெரியும். வணக்கம்."

"ஞாயிற்றுக்கிழமை போத்தல் போடக்கூடாது. பலகையில் இருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை."

மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் எந்த வீடு என்றார். சொன்னதும் முகம் மாறியது. "ஓ, அனித்தாவின் கனடா மாமா. அவள் போகப்போகிறாளாமே. எங்கள் மருத்துவமனையிலும் ஆள் போதாது, தெரியுமா? என் மனைவி கிடந்த வார்டில் அவள்தான் இருந்தாள்."

"அவள் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை" என்றேன்.

"நான் அவளிடமே சொல்லிவிட்டேன். நீ போவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் போ என்று." பிறகு குனிந்து பாதிப் போத்தல்களைத் தன் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு வீட்டுவாசல்வரை நடந்தார். முறைப்பாட்டை உரியவரிடம் நேரில் சொல்லி, போத்தலையும் சுமந்துவந்த அந்த மனிதரோடு ஒப்பிட்டால் நான் பத்து வருடம் வெறும் காற்றை ஊதியிருக்கிறேன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. அனித்தா ஓர்ட்னரைத் திறந்தாள். ராணி அடுப்படியில் அகப்பையோடு நின்றாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"நாற்பத்தொண்டு" என்று வாசித்தாள் அனித்தா. "அவசர சிகிச்சைப் பிரிவு. 'வயித்துக்குள்ள கத்தி சுத்துது. ஏழு மணித்தியாலமா இருக்கிறன். இந்த மாகாணத்தில சாகிறதெண்டாலும் நம்பர் எடுத்துத்தான் சாகவேணும்.' அதோட நிக்குது. இதில 'பிறகு கதைக்கிறன்' கூட இல்லை."

"போனில சார்ஜ் முடிஞ்சுது" என்றேன்.

"அடுத்த நாள் பின்னேரம் வரைக்கும்" என்றாள் ராணி. குரல் சன்னமாக இருந்தது. "அண்ணி அண்டைக்கு மொன்றியலில. நீங்கள் அவவுக்கும் சொல்லேல்லை. நான் அறுபது தரம் அடிச்சன். நம்பர் எடுத்துச் சாகவேணும் எண்டு சொல்லிப்போட்டு ஒரு மனுசன் காணாமல் போனா என்ன நினைக்கிறது? கோயிலில போய்க் குந்தியிருந்தன். அடுத்த நாள் பின்னேரம் நீங்கள் அனுப்பினது ஒரு பூப்படம். குட் ஈவினிங் எண்டு போட்டு."

நான் அந்தப் பூவை மறந்துவிட்டிருந்தேன். செவ்வரத்தம்பூ என்று நினைக்கிறேன். அதற்கு மேல் தட்டச்சுச் செய்யத் தெம்பில்லாமல் அனுப்பியது. அவள் ஏன் தன் மகளை அந்த மாகாணத்துக்கு விடமாட்டாள் என்று அப்போதுதான் விளங்கியது. தபால் பெட்டி பாதி. மற்றப் பாதி நான்.

"சொல்லுங்கோ மாமா" என்றாள் அனித்தா. "பிறகு?"

நான் இதை யாருக்கும் சொன்னதில்லை. வசந்திக்குக்கூட வைத்திய விவரத்தை மட்டும் சொன்னதோடு சரி.

"பிறகு... எட்டாவது மணித்தியாலம் ஒரு தாதி வந்தா. அதுக்கு முதலும் வந்தவதான், ஒவ்வொரு மணித்தியாலமும் வந்து நாடி பிடிச்சுப் பார்த்தவ. நான் அதை மெசேஜில சொல்லேல்லை. வந்து, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொன்னா. அவ ஏன் மன்னிப்புக் கேக்கவேணும்? நான் குளிரில நடுங்கிக்கொண்டு இருந்தனான். போய் ஒரு போர்வை கொண்டுவந்தா. சூடான போர்வை. அங்க போர்வையைச் சூடாக்கி வைக்கிற அலுமாரி ஒண்டு இருக்கு. அதைக் கழுத்து வரைக்கும் போர்த்தி, ஓரத்தைக் காலுக்குக் கீழ செருகிவிட்டா. எனக்கு அழுகை வந்திட்டுது. நோவில எண்டு அவ நினைச்சிருப்பா. ஒன்பதாவது மணித்தியாலம் கூப்பிட்டாங்கள். அடுத்த நாள் காலமை பித்தப்பையை எடுத்தாங்கள். சுகாதார அட்டையைக் காட்டினதோட சரி, காசு ஒண்டும் கேக்கேல்லை."

அனித்தாவின் பேனை தாளில் நின்றது.

"எத்தினை பேர் காத்துக்கொண்டு இருந்தவை?"

"மண்டபம் நிறைய. நாற்பது, ஐம்பது."

"தாதி எத்தினை பேர்?"

"என்ர பக்கத்துக்கு அவ ஒராள்தான்."

"ஒராள்தானோ?"

"ஒராள்தான்."

அனித்தா அதை எழுதினாள். அதன் கீழ் ஒரு கோடும் போட்டாள். பிறகு தாயைப் பார்த்தாள். "அம்மா, நீங்கள் எல்லாரும் சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனீங்கள். நான் இஞ்ச இருந்து ஓடேல்லை. எனக்கு இஞ்ச ஒரு குறையும் இல்லை. ஒருக்கா நடந்து போய்ப் பார்க்கத்தான் ஆசை. ஆனா நீங்கள் ஓம் எண்டு சொல்லாட்டிக் கையெழுத்து வைக்கமாட்டன்."

ராணி அகப்பையைக் கழுவித் துடைத்து உரிய கொளுக்கியில் மாட்டினாள்.

"அந்தப் பிள்ளை" என்றாள் என்னிடம், "சாப்பிட்டவவோ?"

"எந்தப் பிள்ளை?"

"போர்வை தந்த பிள்ளை. ஒராளா அவ்வளவு பேரையும் பார்த்தவ. இடையில சாப்பிட்டவவோ?"

எனக்குத் தெரியவில்லை. அப்படியொரு கேள்வி உண்டென்றே எனக்குத் தோன்றியதில்லை.

ராணி பிரிஜ் கதவிலிருந்து காந்தத்தை எடுத்தாள். கடிதத்தை மேசையில் மகளின் முன் வைத்து, ஈரக் கையின் அடையாளம் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வை. ஆனா ஒண்டு. மாமா மாதிரி அரைவாசியில விடக்கூடாது. என்ன நடந்தாலும் 'பிறகு' என்னெண்டு அண்டைக்கே சொல்லவேணும்."

செபமாலை அப்போதுதான் வாய் திறந்தார். "கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பலாமாம் ராணி. மச்சான்தான் சொன்னவர்."

நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாளில் முதல்முறையாக என் பெயரில் ஒரு உருப்படியான யோசனை பதிவாகிறது, மறுப்பானேன்?

திங்கள் காலை அனித்தா கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நேரே வேலைக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை செபமாலை என்னை வழியனுப்பினார். பேசத் தொடங்கிவிட்ட மனிதரை நிறுத்துவது கஷ்டம். தண்டர் பேயில் பனி எவ்வளவு, மீன் கிடைக்குமா, தேவாலயம் உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தார். தெரியாத மாகாணத்தைப் பற்றி நானும் நம்பிக்கையோடு பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். விமான நிலையம் போகும் ரயில் வழியில் ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். முன்பாதி விமான நிலையம், பின்பாதி வேறு திசை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதை இரண்டு மொழியில் அறிவிப்பார்கள். முப்பது வருடம் அந்த ஊரில் இருந்தவரும், நாற்பத்தொரு முறைப்பாடு செய்த நிபுணரும் பின்பாதியில் இருந்து பேசிக்கொண்டிருந்தோம். யன்னலில் மரங்கள் கூடியபோதுதான் செபமாலை எழுந்தார்.

"மச்சான், விமானம் இந்தப் பக்கம் பறக்கிறேல்லை."

இறங்கி, ஓடி, எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்து, விமான நிலையத்துச் சோதனை வாசலில் நான் கடைசி ஆளாக நின்றபோது அவர் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவர் அவ்வளவு உரக்கச் சிரித்து நான் பார்த்ததில்லை. சத்தம்தான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் வந்து சேர்ந்தேன். வெளியே குளிர். அழைத்துப்போக வரவேண்டிய வசந்தியைக் காணோம். பாதி நெடுஞ்சாலையைக் கிண்டிப் போட்டிருக்கிறார்களாம். பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம். என் கை தானாகவே போனை எடுத்தது. குடும்பக் குழுவைத் திறந்து பட்டனை அமத்தினேன்.

"நான் வந்திட்டன். முக்கால் மணித்தியாலமாத் தெருவில நிக்கிறன். கோடை முழுக்க நித்திரை கொண்டுபோட்டுக் குளிர் தொடங்கேக்கதான் இவங்களுக்கு றோட்டுக் கிண்டுற ஞாபகம் வரும். நெடுஞ்சாலை, அனித்தா, இது மாகாணத்தின்ர பொறுப்புத்தான், நான் விசாரிச்சிட்டன். இப்பிடியொரு நிர்வாகத்தை உலகத்தில..."

வளைவில் எங்கள் கார் தெரிந்தது. யன்னல் ஏற்கெனவே இறங்கியிருந்தது. அதற்குள்ளிருந்து வசந்தியின் குரல் காருக்கு முன்னால் வந்துகொண்டிருந்தது. "சரி, பிறகு கதைக்கிறன்" என்று சொல்லி விரலை எடுக்கப்போனேன். எடுக்கவில்லை.

"பிறகு" என்றேன். "வந்திட்டா. திட்டிக்கொண்டுதான் வாறா. ஆனா வந்திட்டா."